பவுடரா, உளுந்தங்களியா? ஸ்குவாட் 70 கிலோவில் நின்றுவிட்டது

அம்பை தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வயது 23, உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 61 கிலோ. அம்பாசமுத்திரத்தில் எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை. ஜிம் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஸ்குவாட் (எடை கோர்த்த பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 70 கிலோவில் ஐந்து ரெப்ஸ், அதாவது தொடர்ந்து ஐந்து தடவை, வருகிறது, அதற்கு மேல் நகரவே இல்லை. படுத்துத் தள்ளுகிற பெஞ்ச் 50, தரையிலிருந்து இடுப்புவரை தூக்குகிற டெட்லிஃப்ட் 90. தீபாவளிக்கு முன்னாலிருந்து இதே கதைதான். மாஸ்டரிடம் கேட்டால், மாஸ் கெய்னரும் வே ப்ரோட்டீனும் எடுத்தால்தான் வெயிட் ஏறும் என்கிறார். இரண்டும் சேர்த்து மாதம் ஐயாயிரத்துக்கு மேல் வரும். என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. ராதாபுரம் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போனால், "உளுந்தங்களி தின்னுல, நாங்க எந்தப் பவுடரைத் தின்னு கல்லத் தூக்குனோம்" என்கிறார்.

சாப்பாடு: காலையில் ஐந்து இட்லி, சாம்பார். மதியம் சோறு, குழம்பு, ஒரு கூட்டு. இரவு தோசை, வாரத்தில் இரண்டு நாள் புரோட்டா சால்னா. முட்டை, மீன் எல்லாம் சாப்பிடுவேன், ஆனால் தினமும் கிடையாது. ஜிம்மில் திங்கள் செஸ்ட், செவ்வாய் முதுகு, புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி மறுபடி செஸ்ட், சனி கால். சனிக்கிழமை கடையில் கூட்டமாக இருந்தால் கால் போய்விடும். பவுடர் வாங்கவா, வேண்டாமா?

கல்தூக்கி:
தம்பி, தாத்தா சொல்வதைக் கேள். பொங்கலுக்கு வடலிவிளைக்கு வந்து பார். இளவட்டக்கல்லில் பிடிக்க ஒரு இடம் கிடையாது, உருண்டையாக வழவழவென்று இருக்கும். அதைத் தரையிலிருந்து தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுப் பக்கமாகக் கீழே போட வேண்டும். நூறு கிலோவைத் தாண்டிய கல்லையும் நம் பையன்கள் போடுகிறார்கள். பெண்பிள்ளைகளும் தூக்குகிறார்கள். இந்த ஊர்க்காரர்களை வளர்த்தது கம்பங்கூழும் உளுந்தங்களியும் சாளை மீன் குழம்பும் கருவாடும் பனங்கிழங்கும்தான். எவன் வீட்டிலும் டப்பா கிடையாது. ஐயாயிரத்தை அம்மா கையில் கொடு, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் களி கிண்டித் தருவார்கள்.

பாரம்:
அண்ணாச்சி, பொங்கலுக்கு நானும் வருவேன், கல்லையும் தூக்கிப் பார்ப்பேன். அது வேறு விஷயம். தாத்தா காலத்தில் கல்லைத் தூக்கியவர் பெயர் ஊரில் நிற்கிறது. குனிந்து பார்த்துவிட்டுத் துண்டை உதறிப் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதோடு அவர்கள் வருடம் முழுக்க வரப்பு வெட்டினார்கள், கமலை இறைத்தார்கள், நெல் மூட்டையை வண்டியில் ஏற்றினார்கள். இந்தத் தம்பி நாள் முழுக்கக் கடையில் வயர் அளந்து கொடுக்கிறார். அதே களியை இவருக்கு அதே அளவில் கொடுத்தால் வயிறுதான் முன்னால் வரும்.

கணக்குப் பார்ப்போம். ஒரு இட்லியில் இரண்டு கிராம் புரதம், ஐந்துக்குப் பத்து. சாம்பாரில் ஒரு மூன்று. மதியச் சோற்றில் பத்து, குழம்பும் கூட்டும் சேர்த்து நான்கைந்து. இரவு தோசையில் எட்டு. நாற்பதைத் தொட்டால் பெரிது. வெயிட் தூக்குகிறவர்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று 2018-ல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை தசை கூடுவதில் பலன் தெரிந்தது, அதற்கு மேல் சராசரியாகப் பெரிய லாபம் இல்லை. 61 கிலோவுக்கு அது 98 கிராம். தம்பி பாதி கூடச் சாப்பிடவில்லை. ஒரு ஸ்கூப் வே ப்ரோட்டீனில் 24 கிராம் இருக்கிறது. சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரிகிற தண்ணீரைக் காயவைத்துத் தூளாக்கியதுதான் அது, விஷம் இல்லை. மாஸ் கெய்னரை மட்டும் தொடாதீர்கள். அதில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். அந்த வேலையை இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் செய்துவிடும்.

பாளை அக்கா:
நான் நர்ஸ், அந்த இடத்திலிருந்து பேசுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவு, கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். 2024 மே மாதம் வந்த அவர்களுடைய உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றுவதற்காகப் ப்ரோட்டீன் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அதைப் போல இரு மடங்கு சொல்கிறீர்கள், அதுவும் முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு. கிட்னி டெஸ்ட் எடுத்தாரா, பி.பி. பார்த்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. அதே 2024-ல் கேரளத்து மருத்துவர் ஒருவரும் அவருடைய குழுவும் நம் நாட்டில் விற்கும் 36 ப்ரோட்டீன் சப்ளிமென்ட்களை வாங்கி லேபில் கொடுத்துப் பார்த்தார்கள். 25-ல் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துவரவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சு, பூச்சிமருந்து எச்சம். 24 கிராம் என்று நீங்கள் சொல்வது டப்பாவில் அச்சடித்த எண். டப்பாவுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

பாரம்:
அக்கா, 0.83 என்பது சாதாரணமாக வேலை செய்து வாழ்கிற ஒருவருக்குக் குறைவு வராமல் இருக்க. வாரம் முழுக்க வெயிட் தூக்குகிறவருக்கு அதை அப்படியே வைத்தால் எப்படி? அந்த வழிகாட்டி பவுடரை வேண்டாம் என்கிறது, தசைக்குப் புரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்னி நோய் இருப்பவர் புரதத்தைக் குறைக்க வேண்டும், சரி. ஆரோக்கியமான கிட்னியை இந்த அளவுப் புரதம் கெடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. 36 டப்பா ஆய்வை ஒத்துக்கொள்கிறேன். அதனால் கண்ட கடையில் வாங்காதே என்றுதான் நானும் சொல்வேன். தொகுப்பு எண்ணை வைத்து லேப் அறிக்கை காட்டுகிற கம்பெனிகள் இருக்கின்றன.

பாளை அக்கா:
ஆரோக்கியமான கிட்னி என்று எப்படித் தெரியும்? டெஸ்ட் எடுத்தால்தானே தெரியும். அதைத்தான் சொன்னேன்.

கல்தூக்கி:
பாரும்வே, படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள். தினமும் விடியக்காலை மூன்று பச்சை முட்டையை உடைத்து வாயில் விட்டால் இந்த 98, 54 எல்லாம் எதற்கு? எங்கள் சித்தப்பா அறுபது வயதிலும் அப்படித்தான்.

கல்லிடை அப்பளம்:
அண்ணாச்சி, பச்சை முட்டை மட்டும் வேண்டாம். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செரித்தது, பச்சையில் பாதிதான். பாதி முட்டையைக் கழிவறையில் கொட்டுகிற மாதிரி. கிருமி ஆபத்து வேறு.

நான் முட்டை கூடச் சாப்பிடாதவள். நாற்பது வயதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காக ஆரம்பித்து இப்போது 80 கிலோ டெட்லிஃப்ட் செய்கிறேன். அதனால் தம்பிக்கு என் பக்கத்துக் கணக்கு. அரை லிட்டர் பால், தயிராகவோ பாலாகவோ, 16 கிராம். மீல்மேக்கர் நூறு கிராமில் 52 கிராம் புரதம், அதனால் முப்பது கிராம் குழம்பில் போட்டால் 15. வீட்டு ஆண்கள் முகம் சுளிப்பார்கள், மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்துக் கொடுத்தால் தட்டைத் துடைத்துவிடுவார்கள். பொட்டுக்கடலை, உளுந்து, துவரை எல்லாமே நூறு கிராமுக்கு இருபதுக்கு மேல். நம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் சும்மா வந்த சேர்க்கை இல்லை. புரதத்தின் அங்கங்களில் அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும், எள்ளிலும் மெத்தியோனின் உண்டு.

களியைப் பற்றி யாரும் கோபப்பட வேண்டாம். ஐம்பது கிராம் உளுந்து மாவில் 12 கிராம் புரதம் இருக்கிறது, அது நல்லதுதான். கருப்பட்டி என்பது சர்க்கரை, நல்லெண்ணெய் என்பது கொழுப்பு. ஒல்லியான பையனுக்கு அந்தக் கலோரியும் வேண்டும். ஆனால் களி மட்டும் தின்று 98-க்குப் போக முடியாது. போக நினைத்தால் ஜிம்முக்கு நடக்க முடியாது.

அம்பை தம்பி:
அக்கா, நான் முட்டை சாப்பிடுவேன். அப்படியென்றால் எவ்வளவு கூட்ட வேண்டும்?

கல்லிடை அப்பளம்:
இப்போது நாற்பது. குறைவது ஐம்பத்தெட்டு. நான்கு வேகவைத்த முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, முப்பது கிராம் மீல்மேக்கரில் 15. ஐம்பத்தைந்து வந்துவிட்டது. மிச்சத்தை இரண்டு பிடி பொட்டுக்கடலை பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் விலையில் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது ரூபாய்க்குள் முடியும். மீன் வாங்குகிற நாளில் மீல்மேக்கர் வேண்டாம், நூறு கிராம் சாளையில் இருபது கிராம் இருக்கிறது.

பாரம்:
விலையில் சாப்பாடு ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு கிலோ பவுடர் வாங்கினால் முப்பது ஸ்கூப், மொத்தம் 720 கிராம் புரதம். கிராமுக்கு நான்கு ரூபாய்க்கு மேல். அக்கா கணக்கில் ஒரு ரூபாய் சொச்சம். ஆனால் காலையில் ஜிம், ஒன்பது மணிக்குக் கடை, இதற்கு நடுவில் யார் முட்டை அவித்து, உரித்து, எடுத்துப் போவது? ஷேக்கரில் ஒரு ஸ்கூப் போட்டுக் குலுக்கினால் முடிந்தது. அந்த வசதிக்குத்தான் காசு.

மேலப்பாளையம் மாஸ்டர்:
ஜிம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே எல்லாரும் மாஸ்டரைத்தான் திருடன் ஆக்கப் போகிறீர்கள், தெரியும். பவுடரில் எங்களுக்கு லாபம் உண்டு, மறைக்கவில்லை. மாதம் எழுநூறு ரூபாய் ஃபீஸில் வாடகை, கரண்ட், ஒரு தட்டு உடைந்தால் வெல்டிங் எல்லாம் எப்படி ஓடும்? அதை விடுங்கள். மீல்மேக்கரை எடை போட்டுச் சாப்பிடுகிற பையன் எத்தனை பேர்? முதல் வாரம் நான்கு முட்டை, இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் அம்மா மறந்துட்டாங்க. டப்பா வாங்கினால் காசு கொடுத்தோமே என்று தினமும் குடிப்பான். அந்த ஒழுங்குக்காகவே நான் பவுடர் சொல்வேன். மேலப்பாளையத்தில் மாட்டுக்கறி மலிவு, எங்கள் பையன்களுக்கு அது போதும் என்றால் அதையும் சொல்வேன். எல்லார் வீட்டிலும் அது நடக்காதே.

பழைய ஸ்டேடியம்:
சாப்பாட்டுச் சண்டை நடக்கட்டும். தம்பி எழுதியதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, ஒருவர் கூட அதைத் தொடவில்லை. ஸ்குவாட் ஏறவில்லை என்கிறார். ஸ்குவாட் வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளும் சனிக்கிழமை, கடையில் கூட்டம் என்றால் அதுவும் இல்லை. அப்படியானால் மாதத்தில் இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. கைக்குத் தனியாக ஒரு நாள், செஸ்டுக்கு இரண்டு நாள். பத்து டப்பா பவுடர் குடித்தாலும் காலுக்கு யார் போய்ச் சொல்வது?

நான் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் கல்லூரிக் காலத்தில் பளுதூக்கப் பழகியவன். எங்களுக்குச் செஸ்ட் நாள், கை நாள் என்று ஒன்றும் கிடையாது. ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்நாட்ச், தோளில் நிறுத்தித் தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க், ஸ்குவாட். வாரத்தில் பல நாள் ஸ்குவாட். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். இரண்டாவது தடவை 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 144-ம் கிளீன் அண்ட் ஜெர்க் 173-ம் சேர்த்து 317 கிலோ. டோக்கியோவில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு 49 கிலோ பிரிவு. தலைக்கு மேல் 115 கிலோவைக் கொண்டுபோனார். தம்பியை விடப் பன்னிரண்டு கிலோ குறைந்த உடம்பு. அவர்களோடு தம்பியை ஒப்பிடவில்லை. அந்த விளையாட்டில் யாரும் காலுக்கு வாரம் ஒரு முறை கருணை காட்டுவதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

புதிதாகத் தூக்குகிறவரின் உடம்பு பெரும்பாலும் இரண்டு நாளில் தேறிவிடும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமையைக் கடைக்கே கொடுத்துவிடலாம். மூன்று நாளும் முதலில் ஸ்குவாட், ஐந்து ரெப்ஸ் மூன்று செட், அதாவது மூன்று சுற்று. அடுத்து ஒரு நாள் பெஞ்ச், ஒரு நாள் தலைக்கு மேல் தூக்குகிற பிரஸ், மாற்றி மாற்றி. டெட்லிஃப்ட் வாரம் ஒரு தடவை ஒரே ஒரு கனமான செட் போதும், மற்ற நாளில் முதுகுக்கு ரோ, புல்-அப். 70-ல் முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 60-க்கு இறங்கி அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோ ஏற்றுங்கள். ஒரே எடையில் மூன்று தடவை ஐந்து ரெப்ஸ் முடியவில்லை என்றால் நூற்றுக்குப் பத்து குறைத்து மறுபடி ஏறுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, எடை, ரெப்ஸ், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். இவ்வளவுதான்.

மேலப்பாளையம் மாஸ்டர்:
ஸ்டேடியம் அண்ணன் சொல்வது ஸ்டேடியத்துக்குச் சரி. அரசாங்க இடம், பையன் மெடலுக்காக வருகிறான். என் ஜிம்முக்கு வருகிறவன் கல்யாணத்துக்கு முன்னால் சட்டைக்குள் கை நிறையணும் என்று வருகிறான். வாரம் மூன்று நாள் ஸ்குவாட் என்றால் பத்தாம் நாள் ஆளைக் காணோம். முழங்கால் வலி என்று அவன் அம்மா வந்து என்னைக் கேட்பார்.

பழைய ஸ்டேடியம்:
கல்யாணத்துக்காக வருகிறவனுக்கு உங்கள் அட்டவணையே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் தம்பி கேட்டது ஸ்குவாட். கேள்விக்குப் பதில் சொல்லாமல் டப்பாவைக் காட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் வலி பெரும்பாலும் பாதி இறங்கி, குதிகாலைத் தூக்கி, தாங்க முடியாத எடையை முதுகில் வைத்துக் குதிப்பதால் வருகிறது. கல்லிடை அக்கா மேலேயே எழுதியிருக்கிறார், முழங்கால் வலிக்காகத்தான் ஆரம்பித்தேன் என்று.

தம்பி, போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஒரு செட் வீடியோ எடுங்கள். தொடை தரைக்கு நேராகவோ அதற்குக் கீழாகவோ போகிறதா, குதிகால் தரையில் இருக்கிறதா, கீழே போகும்போது இடுப்பு சுருண்டு முதுகு வளைகிறதா, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். இறங்கும் முன்னால் வயிறு நிறைய மூச்சு இழுத்து, அடக்கி, மேலே வந்தபிறகு விடுங்கள்.

பாளை அக்கா:
மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். பி.பி. இருக்கிறவர்கள், இருக்கிறதா என்றே தெரியாதவர்கள், ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஊசி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுக்கும்போது பி.பி. விழுந்தால் ஏற்றப் போடுகிற மெபென்டெர்மின் என்ற மருந்தைச் சில ஜிம்களில் பையன்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிறார்கள். களைப்பு தெரியாது, பெரிய வெயிட் தூக்கலாம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். களைப்பு தெரியாமல் போவதுதான் ஆபத்தே. இதயம் தாறுமாறாக அடிக்கும், பழக்கமாகவும் ஆகும். ஸ்டீராய்டு வேறு கதை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், விதை சுருங்கும், மாத்திரையாகப் போட்டால் கல்லீரலும் அடிவாங்கும். பிறகு குழந்தை இல்லை என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு அலைவார்கள், ஊசி போட்டதை மட்டும் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள்.

மேலப்பாளையம் மாஸ்டர்:
அக்கா சொல்வதில் எனக்கு ஒரு வார்த்தை கூட மாற்றுக் கருத்து இல்லை. சிரிஞ்சைக் கண்டால் அன்றே வெளியே அனுப்பிவிடுவேன்.

பாரம்:
ஸ்டேடியம் அண்ணாச்சியின் அட்டவணை சரிதான், ஆனால் சாப்பாடு இரண்டாம் பட்சம் என்பதுபோல் முடித்துவிட்டார். 61 கிலோவில் நாற்பது கிராம் புரதத்தை வைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் ஸ்குவாட் போட்டால் எட்டு வாரம் ஏறும், பிறகு மறுபடி நிற்கும். உடல் எடையும் ஏற வேண்டும். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் போதும், அதற்கு இப்போது சாப்பிடுவதைவிட ஒரு முந்நூறு கலோரி கூட. நூறு கிராம் நிலக்கடலையில் 567 கலோரி, அதில் ஐம்பது கிராம் போதும். கடலையைப் புரதக் கணக்கில் மட்டும் சேர்த்து ஏமாறாதீர்கள். அதில் புரதம் 25, கொழுப்பு 49.

தசைக்குச் சட்டென்று சக்தி கொடுக்க உதவுகிற கிரியேட்டின் பற்றியும் ஒரு வார்த்தை. தினம் 3 முதல் 5 கிராம். நன்றாக ஆராயப்பட்ட சப்ளிமென்ட் என்றால் அதுதான்.

கல்லிடை அப்பளம்:
டப்பாவில் வாங்கத் தகுந்தது என்று நான் நினைப்பது அது ஒன்றைத்தான். எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்குச் சாப்பாட்டில் கிரியேட்டின் கிட்டத்தட்ட இல்லை, தசையிலும் இருப்பு குறைவு. அதனால் எங்களுக்குப் பலன் கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். மோனோஹைட்ரேட் என்று போட்டது போதும், அதைவிட விலை கூடியது எதுவும் தேவையில்லை. முதல் வாரத்தில் எடை ஒரு கிலோ ஏறினால் அது தசைக்குள் போன தண்ணீர், சதை இல்லை.

பாளை அக்கா:
அதைக் குடித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கிட்னி கெடாமலேயே, கிட்னியைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டும், வீணாகப் பயந்துபோவீர்கள்.

கல்தூக்கி:
நிலக்கடலை, உளுந்து, சாளை, முட்டை, பால் என்று சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்துவிட்டீர்கள். நான் முதலில் என்ன சொன்னேன்?

பாரம்:
நீங்கள் சொன்னது களி. அளவு சொல்லவில்லை, அண்ணாச்சி.

கல்தூக்கி:
அளவு கையில் தெரியும்வே. எல்லாவற்றுக்கும் கிராம் கணக்குப் பார்த்தால் சாப்பாடு எங்கே இறங்கும்?

பழைய ஸ்டேடியம்:
கல்லுக்கும் பாருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது அண்ணாச்சி, இந்தத் தம்பிக்கு அது முக்கியம். இளவட்டக்கல்லில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் பதினைந்து, இருபது கிலோ வித்தியாசம். அறுபது கிலோ கல்லைத் தூக்குகிறவர் எண்பதுக்குப் போக வேண்டும் என்றால் நடுவில் படி கிடையாது. அதே கல்லைத் திரும்பத் திரும்பத் தூக்கி, ஒருநாள் துணிய வேண்டியதுதான். தூக்கியவர்களை நான் கும்பிடுகிறேன், அந்தப் பிடியும் முதுகும் ஜிம்மில் வராது. ஆனால் பாரில் படியை நாமே கட்டிக்கொள்ளலாம். அதைக் கட்டாமல் ஐந்து ஐந்து கிலோவாகத் தாவுகிறவர்கள் கல்லுக்குரிய சிரமத்தை எல்லாம் பாரில் படுகிறார்கள்.

அம்பை தம்பி:
எங்கள் ஜிம்மில் அதுதான் பிரச்சினையே. இருக்கிறதிலேயே சின்னத் தட்டு இரண்டரை கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஐந்து. 70-லிருந்து நேராக 75. ஒவ்வொரு தடவையும் இரண்டாவது ரெப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். மாஸ்டரிடம் ஒன்றேகால் கிலோ தட்டு கேட்டால், "அதை வைத்து யாருடா தூக்குவா" என்று சிரிக்கிறார்.

மேலப்பாளையம் மாஸ்டர்:
நான் அவரில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒன்றேகால் இருக்கிறது, பெண்பிள்ளைகள் செட்டுக்கு வாங்கினது. பையன்கள் தொட வெட்கப்படுவார்கள்.

பழைய ஸ்டேடியம்:
இப்போது புரிகிறது ஏன் நின்றது என்று. 70-ல் ஐந்து கிலோ என்பது நூற்றுக்கு ஏழு. ஒரே நாளில் அவ்வளவு ஏற ஆரம்பகாலத்தில் கூடக் கஷ்டம். சின்னத் தட்டு கிடைக்கும்வரை 70-லேயே ரெப்ஸை ஐந்திலிருந்து ஆறு, ஏழு, எட்டு என்று கூட்டுங்கள். மூன்று செட்டும் எட்டு வந்தபிறகு 75-ல் ஐந்து வரும். தட்டு கிடைத்தால் நான் முதலில் சொன்ன வழி. அப்புறம் சித்திரை வைகாசியில் தகரக் கூரை ஜிம் என்றால் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். போகும் முன்னால் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ ஒரு செம்பு.

அம்பை தம்பி:
சரி. இந்த மாதம் பவுடர் வாங்கவில்லை. முட்டை, பால், மீல்மேக்கர். பி.பி.யும் பார்த்துவிடுகிறேன் அக்கா. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன், கோபித்துக்கொள்வார்.

பாரம்:
ஃபீஸ் நீங்கள் கொடுக்கிறீர்கள் தம்பி. மூன்று மாதம் முட்டையைத் தொடர்ந்து உரிக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் ஒரு ஸ்கூப்புக்கு வாருங்கள், அப்போது நான் இங்கேதான் இருப்பேன்.

கல்தூக்கி:
ஒன்றேகால் கிலோ தட்டுக்கு எதற்குத் திருநெல்வேலி வரைக்கும் போகணும்? நான் வள்ளியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 10 மி.மீ. இரும்புத் தகட்டில் 15 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி, நடுவில் 50 மி.மீ. ஓட்டை போட்டால் ஒன்றேகாலுக்கு இருபது கிராம் குறையாக நிற்கும், அது உங்கள் கணக்குக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பெரிய ராட் என்றால்தான் ஓட்டை 50. சின்ன ராட் என்றால் 25-லிருந்து 30 வரை ஆளுக்கு ஒரு அளவாக இருக்கும், அதற்கு ஓட்டை சின்னது, வட்டத்தையும் கொஞ்சம் குறைக்கணும். நாளைக்கு ஜிம்முக்குப் போனதும் ராட் முனையின் தடிமனை அளந்து அனுப்பு தம்பி. அளக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு வராதே, பழைய ராடில் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்காது.